நன்கொடையும் நிகர்நிலையும்: தனியார் பல்கலைக்கழக வரலாற்றில் குடும்பத்தின் இடம்

பல்கலைக்கழக வரலாறு எழுதப் புகுவோர் நிறுவனர், துணைவேந்தர், கட்டடங்கள், துறைகள், பட்டமளிப்புப் பேருரைகள் ஆகியவற்றை நிரல்பட உரைத்து அமைவது வழக்கம். வெள்ளிவிழா மலர்களும் பொன்விழா மலர்களும் இம்முறையினவே. மகனையோ மகளையோ அங்குச் சேர்ப்பதற்காக நிலம் விற்ற தந்தையும், அணிகலனை அடகு வைத்த தாயும் அவ்வரலாற்றில் யாண்டும் இடம்பெறார். அவர் ஈந்த பொருளாற் கட்டப்பெற்ற மாளிகையின் படம் மட்டும் மலரின் முகப்பில் விளங்கும். தனியார் பல்கலைக்கழகங்கள் தமிழகத்துக் குடும்பங்களின் வாழ்வில் யாங்ஙனம் புகுந்தன, அவற்றோடு மாணவரும் பெற்றோரும் பட்டறிந்தவை யாவை என்பதனை இரண்டு சொற்களின் வழியே ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. ஒன்று ‘நன்கொடை’, மற்றொன்று ‘நிகர்நிலை’.

சொற்களைப் பற்றுக்கோடாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. இப்பொருள் பற்றிய சான்றுகளிற் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. பற்றுச்சீட்டோடு வாங்கிய பணம் ஆவணத்தில் நிற்கும். பற்றுச்சீட்டின்றி வாங்கிய பணம் கொடுத்தோர் நெஞ்சத்தில் மட்டுமே நிற்கும். இந்நிலை வரலாற்று மாணவர்க்குப் புதியதன்று. சோழர் காலத்து ஊர்களில் எவ்வெவ் வரிகள் தண்டப்பெற்றன என்பதனை நாம் பெரும்பாலும் அறிவது, அவ்வரிகளை நீக்கி இறையிலியாக விட்ட கல்வெட்டுக்களாலன்றோ? விலக்கப்பட்டது ஒன்று உண்டெனின், அது முன்னர் வழங்கியது என்பது தெளிவு. அம்முறையே, தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டு ‘கேப்பிட்டேஷன்’ கட்டணத் தடைச்சட்டம் இயற்றப்பெற்றது என்னும் செய்தியே, அதற்கு முற்பட்ட ஆண்டுகளில் இவ்வழக்கம் ஊன்றி நின்றது என்பதற்குக் கல்வெட்டனைய சான்றாகும். அச்சட்டம் அக்கட்டணத்தை வரையறுக்கும் பாங்கும் நோக்கற்பாலது. விதிக்கப்பட்ட கட்டணத்திற்கு மேற்பட, எப்பெயரால் வாங்கினும், நேராகவோ பிறர் வழியாகவோ வாங்கினும், அது தடைக்குட்பட்டதே என்பது அதன் கருத்து. பெயர்கள் நாள்தோறும் மாறுகின்றமையைச் சட்டமியற்றியோர் நன்குணர்ந்திருந்தனர் என்க. ‘கேப்பிட்டேஷன்’ என்னும் சொல்லோ தலையைக் குறிக்கும் இலத்தீன் வேரினது. ஐரோப்பிய வழக்கில் தலைவரியைச் சுட்டியது. தமிழ் மக்கள் அதனைத் தலைவரி என மொழிபெயர்க்கவில்லை. ‘டொனேஷன்’ என்றனர், ஏட்டுவழக்கில் ‘நன்கொடை’ என்றனர். வரி கொடையாயிற்று.

ஈண்டுத் தொல்காப்பியர் வகுத்த நெறி ஒன்று நினைக்கத்தகும். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் இரத்தற்கண் வரினும் தம்முள் வேறுபாடுடையன என்பது சொல்லதிகார எச்சவியலின் முடிபு. ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்குங் கூற்று. ‘தா’ என்பது ஒத்தோர் கேட்குங் கூற்று. ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கேட்குங் கூற்று. இம்மூன்றனுள் கொடை என்னும் பெயர் மூன்றாவதன் அடியாகப் பிறந்தது. புறநானூற்றுப் புலவன் வள்ளலிடம் சென்று நின்றபோது கேட்டவன் இல்லாதவன், கொடுத்தவன் உள்ளவன். ஆதலின் அங்குக் கொடை என்பது கொடுப்போன் பெருமையைக் குறித்தது. கல்லூரி அலுவலகத்தில் ‘நன்கொடை’ கேட்கப்படும்போது கேட்போர் உள்ளோர், கொடுப்போர் இல்லோர். எனவே இச்சொல்லில் எஞ்சி நிற்பது ‘கொடு’ என்னும் உயர்ந்தோன் ஏவல் ஒன்றேயாம். வேர்ச்சொல் மாறவில்லை; கொடையின் திசைதான் மாறிற்று. எப்பொழுது மாறிற்று என்பதே நம் வினா.

கல்வியின்பொருட்டுத் தமிழகத்தில் கொடை வழங்கிய பழஞ்செய்திகளைத் திரும்ப எடுத்துரைப்பது மிகை. எனினும் ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நிவந்தம் வகுக்கின்றது. அங்கு மாணவன் நாள்தோறும் நெல் பெற்றான், கொடுத்தான் அல்லன். இதனைக் காட்டிப் பண்டைக்காலக் கல்வியைப் புகழ்வாரும் உளர். அவர்கள் மறந்துவிடுவது, அந்நிவந்தம் வேதமும் வடமொழி நூல்களும் பயின்ற ஒரு பிரிவினர்க்கே உரியதாயிருந்தது என்பதனை. உழுதவன் விளைத்த நெல்லே அங்கு அளக்கப்பெற்றது. அவன் மகனுக்கு அக்கல்லூரியின் கதவு திறக்கவில்லை. கொடையின் திசை நேராயிருந்ததனால் மட்டும் அறம் நிறைவுற்றதாகக் கொள்ளல் இயலாது.

இக்காலப் பல்கலைக்கழகம் என்னும் அமைப்பில் தனியார் கொடை தமிழகத்துத் தலைப்பட்டது சிதம்பரத்திலாகும். இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920ஆம் ஆண்டு அங்கு மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர்த் தம் கல்வி நிலையங்களோடு 20 இலட்சம் ரூபாயும் வழங்க, சென்னைச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. இதனைத் தனியார் பல்கலைக்கழகம் என்பதா, அரசுப் பல்கலைக்கழகம் என்பதா என்பதில் ஐயம் எழுதல் இயல்பு. சட்டம் அரசினது, வேந்தர் மாநில ஆளுநர், அரசு மானியமும் கிடைத்தது. ஆயினும் நிறுவனர் இணைவேந்தராய் அமர்ந்தார். அவ்வுரிமை அவர் வழியினர்க்கும் தொடர்ந்தது. துணைவேந்தரைத் தேர்தற்குரிய பெயர்ப்பட்டியலை அளிப்பவரும் அவரே. கொடையும் ஆட்சியும் ஒரு கையில் இணைந்து நின்ற அமைப்பு இது.

அப்பல்கலைக்கழகத்திற்கு உறைவிடம் உயிர்நாடி. மாணவர் வளாகத்திலேயே தங்கினர். தமிழ்ப்புலமைக்கும் இசைக்கும் அது ஆற்றிய தொண்டினைத் தமிழ் பயிலும் எவரும் மறுக்கார்; நாவலர் சோமசுந்தர பாரதியார் அங்குத் தமிழ்த்துறைத் தலைமை பூண்டமையும், பண்டிதமணி கதிரேசனார் அங்குப் பேராசிரியராய் விளங்கியமையும் நம் துறையின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதவை. இங்கு நமக்கு வேண்டுவது வேறொன்று. அந்நாளில் சிதம்பரத்திற்கு மகனை அனுப்பிய வேளாண் குடும்பம் கட்டணம் செலுத்தியது உண்மை. விடுதிச் செலவும் அதற்குச் சுமையாயிருந்தது. ஆயினும் இடத்தின்பொருட்டுத் தனியே விலை பேசப்படவில்லை. கொடை நிறுவனரிடமிருந்து பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. அவர் பெயர் ஊர்ப்பெயராகவும் ஆயிற்று. அண்ணாமலைநகர் என இன்றும் வழங்குகின்றது.

திசை மாறியமைக்குரிய முதற்குறியை நாட வேண்டுமாயின், சென்னை மாநிலத்தின் மேலைக்கரைக்குச் செல்லல் வேண்டும். தென் கன்னட மாவட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் பகுதியே. அம்மாவட்டத்து மணிப்பாலில் 1953ஆம் ஆண்டு மருத்துவர் தோ. மா. அ. பை கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அரசின் பொருளுதவியை நோக்கி நில்லாது, சேர வரும் மாணவர் குடும்பங்களிடமிருந்தே முதலைத் திரட்டும் முறை அங்கு வேரூன்றியது. ஒருவகையில் அம்முறைக்கு நியாயம் கூறலும் எளிது: மருத்துவக் கல்லூரிகள் மிகச் சிலவாயிருந்த நாட்டில், ஒரு செல்வர் கொடுக்கும் பெருங்கொடைக்குக் காத்திராமல், பல குடும்பங்கள் கொடுக்கும் சிறுகொடைகளால் ஒரு கல்லூரி எழுந்தது. அதனை நிறுவியவரின் உழைப்பினையும் எவரும் குறைத்துரையார். ஆனால் கொடுக்க இயலாதோர்க்கு அங்கு இடமில்லை என்பது அம்முறையின் உட்கிடை. அக்கல்வி நிறுவனம் 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டையொட்டி அரசு தன்நிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு இசைவளித்தது. பின்னர்ப் பல்கலைக்கழகங்களாய்ப் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் அவ்விரண்டோர் ஆண்டுகளிற் கல்லூரிகளாகத் தோன்றியவையே. நிறுவினோர் ‘கல்வித் தந்தை’ எனவும் ‘கல்வி வள்ளல்’ எனவும் போற்றப்பெற்றனர். பாரியும் பேகனும் பெற்ற பெயர் இங்ஙனம் இடம்பெயர்ந்தமை பற்றி மொழியியலார் தனிக்கட்டுரையே எழுதலாம்.

இக்காலப்பகுதியில் ஒரு குடும்பம் பட்டறிந்ததனை எழுத்துச் சான்றோடு காட்டுவது 1992ஆம் ஆண்டின் மோகினி ஜெயின் எதிர் கருநாடக அரசு என்னும் வழக்காகும். கருநாடக அரசு 1989 சூன் 5ஆம் நாள் வெளியிட்ட அறிவிப்பொன்று தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு மூவகைக் கட்டணம் வகுத்திருந்தது. அரசு ஒதுக்கீட்டில் வருவோர்க்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். கருநாடகத்தார் ஏனையோர்க்கு 25,000 வரை. பிற மாநிலத்தார்க்கு 60,000 வரை. கல்வி ஒன்றே, கற்பிப்போரும் அவரே, பிணவறையும் நூலகமும் அவையே. மாணவன் எவ்வாயில் வழியாகப் புகுந்தான், எவ்வூரான் என்பவற்றான் விலை முப்பது மடங்கு உயர்ந்தது. உத்தரப்பிரதேசத்து மீரட்டைச் சேர்ந்த மாணவி தும்கூரிலுள்ள மருத்துவக் கல்லூரியில் 1991இல் சேர விரும்பியபோது, முதலாண்டிற்கு 60,000 ரூபாயும் எஞ்சிய ஆண்டுகளுக்கு வங்கிப் பிணையும் கேட்கப்பட்டன. அது தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்றார் தந்தை. இதுகாறும் ஆவணமுண்டு. இவற்றிற்கு மேலும் நாலரை இலட்சம் ரூபாய் கேட்கப்பட்டதாக மாணவி தரப்புக் கூறிற்று. கல்லூரித் தரப்பு அதனை மறுத்தது. மேலே கூறிய ஆய்வுத் தடை இவ்வொரு வழக்கிலேயே வெளிப்படுதல் காண்க. அறுபதாயிரத்திற்கு அரசிதழ் சான்று. நாலரை இலட்சத்திற்கு ஒரு குடும்பத்தின் சொல்லே சான்று.

1992 சூலை 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கல்விக்கு ஈடாகத் தலைக்கட்டணம் வாங்குவது கல்வியை விற்பதேயாகும் என்னும் கருத்துப்பட உரைத்து, அவ்வறிவிப்பினை உச்சநீதிமன்றம் ஒதுக்கிற்று. நாடெங்கும் இத்தீர்ப்புப் போற்றப்பெற்றது. சட்டநூல்களில் நிலையான இடம் பெற்றது. ஆயின் வழக்குத் தொடுத்த மாணவிக்கு யாது கிடைத்தது? ஒன்றுமில்லை. அவர் தகுதி வரிசைப்படி சேர்க்கப்பெற்றவர் அல்லர் என்பதும், வகுப்புகள் முன்னரே தொடங்கிவிட்டன என்பதும் காரணங்களாகக் காட்டப்பெற்று, அவர்க்குத் தனிப்பட எப்பயனும் அளிக்கப்படவில்லை. பிற்காலத்தார்க்கு ஒரு நெறியை ஈட்டித் தந்த குடும்பம் தனக்கென ஓர் இடத்தை ஈட்டவில்லை. சட்ட வரலாற்றினர் இதனை ஓரடிக்குறிப்பில் வைத்துக் கடந்து செல்வர். குடும்பத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு அதுவே மூலபாடம்.

இதன் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தனவாதலின் சுருங்கக் கூறுதும். 1993இல் உன்னிகிருட்டிணன் வழக்கின் தீர்ப்பு, தொழிற்கல்வி இடங்களைக் கட்டணமில்லாப் பாதியும் கட்டணப் பாதியுமாகப் பகுத்தது. 2002 அக்டோபரில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்த ஆயம் அத்திட்டத்தை நீக்கியது. நிறுவனங்கள் தம் வளர்ச்சிக்கு வேண்டும் அளவான மிகுதியைக் கொள்ளலாம், ஆயின் ஊதியவேட்டையும் தலைக்கட்டணமும் கூடா என வரைந்தது. 2003இல் கட்டணக் குழுக்கள் வந்தன. 2005இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்த ஆயம், அரசுதவி பெறாக் கல்லூரிகளில் அரசு தன் ஒதுக்கீட்டைச் சுமத்தல் ஆகாது என்றது. அதனையொட்டி அரசியலமைப்பின் 93ஆம் திருத்தம் எழுந்தது. இவற்றுள் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வரும் ஒரு நோக்கு மட்டும் ஈண்டு நின்று எண்ணத்தக்கது. கட்டணமில்லா இடங்களை நல்ல பள்ளியிற் பயின்ற வசதியுடைய குடும்பத்துப் பிள்ளைகள் பெற்றனர்; கட்டண இடங்களுக்கு வந்தோருள் எளிய குடும்பத்தாரும் இருந்தனர்; ஆகவே எளியோன் செலவில் வசதியுடையோன் பயின்றான் என்பது அது. நீதிமன்றம் இதனைத் தன் முடிபுக்குத் துணையாகக் கொண்டது. அம்முடிபை ஏற்பினும் ஏலாவிடினும், கூறிய செய்தி மெய்யே. நல்லெண்ணத்தோடு வகுத்த திட்டம் குடும்பங்களின் படியில் தலைகீழாய் வேலை செய்தது.

இனி ‘நிகர்நிலை’ என்னும் சொல்லுக்கு வருவாம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் மூன்றாம் பிரிவு, பல்கலைக்கழகம் அல்லாத ஓர் உயர்கல்வி நிறுவனத்தைப் பல்கலைக்கழகமாகக் கருதலாம் என மைய அரசு அறிவித்தற்கு இடந்தருகின்றது. 1958இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகம் இந்நிலையை எய்திற்று. தமிழகத்தில் 1976இல் காந்திகிராமக் கிராமியக் கல்வி நிலையமும், 1988இல் அவினாசிலிங்கம் மகளிர் கல்வி நிலையமும் பெற்றன. ஒரு துறையில் ஆழ்ந்த ஆராய்ச்சியோ, தனக்கெனச் சிறந்த நோக்கமோ உடைய நிறுவனங்களுக்கு அளிக்கும் மதிப்பாகவே அது அந்நாளில் விளங்கிற்று. 1990களிலும், மிகுதியாக 2001ஐ ஒட்டியும், அம்மதிப்புத் தன்நிதிக் கல்லூரிகளுக்குப் பரவியது. இணைப்புப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும் தேர்வும் கட்டுப்பாடும் நீங்கின. பட்டம் தம் பெயராலேயே அளிக்கலாயிற்று. சேர்க்கையிலும் மாநிலத்தின் பிடி தளர்ந்தது. நிகர்நிலை நிறுவனம் மாநில அரசின் சேர்க்கை விதிகளுக்கு உட்பட்டதன்று என 2004இல் மகாராட்டிர வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் கூறிற்று. மருத்துவ இடங்களுக்குப் பொதுக் கலந்தாய்வு இந்நிறுவனங்களிலும் வந்தது 2017இல்தான்.

‘கருதப்படும்’ என்னும் சட்டச் சொல்லை ‘நிகர்நிலை’ என மொழிபெயர்த்தவர் யாவராயினும், அவர் பொருளை ஒருபடி உயர்த்திவிட்டார் என்றே தோன்றுகிறது. கருதப்படுவது வேறு, நிகராவது வேறு. விண்ணப்பப் படிவத்தை வாங்க வந்த பெற்றோர்க்கு ‘நிகர்நிலை’ என்பதும் பெயர்ப்பலகையில் பெரிதாகத் தோன்றவில்லை. ‘பல்கலைக்கழகம்’ என்னும் பகுதியே கண்ணிற்பட்டது. இடையொரு செய்தி: ‘கழகம்’ என்னும் சொல்லுக்குக் கலைபயில் இடம் என்னும் பொருளைக் கம்பரிடம் காணலாம், திருக்குறளின் சூது அதிகாரத்திலோ அது சூதாடும் இடத்தைக் குறிக்கின்றது. முன்னோர் தேடிய நிலத்தை ஒரு சேர்க்கை இடத்தின்மேல் வைத்த குடும்பங்கள் எப்பொருளில் அச்சொல்லைக் கொண்டிருக்கும் என்று யான் சில வேளை எண்ணுவதுண்டு.

அவ்வைப்பு எத்துணை நிலையற்றது என்பதை 2010 சனவரி காட்டிற்று. நிகர்நிலை நிறுவனங்களை ஆராய அமைத்த தாண்டன் குழு 126 நிறுவனங்களை நோக்கி, 38 தகுதியுடையன, 44 குறைநீக்கிக்கொள்ளத் தவணை பெறுதற்குரியன, எஞ்சிய 44 அந்நிலைக்குத் தகாதன எனப் பகுத்தது. மைய அரசு இதனை உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. தகாதன எனப்பட்டவற்றுள் மாநில வாரியாக மிகுதியானவை தமிழ்நாட்டினவாக இருந்தன. செய்தி பரவியதும் சில வளாகங்களில் மாணவர் கொதித்தெழுந்தனர். நான்காண்டுக் கல்வியில் மூன்றாம் ஆண்டிலிருந்த மாணவனுக்கு அன்றிரவு எழுந்த வினா, தான் கற்றது போதுமா என்பதன்று. தன் கையில் வரப்போகும் தாள் பட்டமாகுமா என்பதே. நீதிமன்றம் அவ்வாறே நிற்க என ஆணையிட்டமையால் அவ்வச்சம் ஒருவாறு தணிந்தது. குழுவின் ஆய்வுமுறை குறித்து நிறுவனங்கள் எழுப்பிய தடைகளும் முற்றிலும் தள்ளத்தக்கன அல்ல. எனினும் இவ்வழக்காட்டில் மாணவர் ஒரு தரப்பாக முதலில் அழைக்கப்பெறாமை வியப்பைத் தருகின்றது.

சத்தீசுகர் மாநிலத்தின் நிகழ்ச்சி இதனினும் கொடியது. 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் அரசிதழ் அறிவிப்பாலேயே ஓராண்டளவில் 112 தனியார் பல்கலைக்கழகங்கள் அங்குத் தோன்றின. வகுப்பறையும் நூலகமும் இல்லாத பெயர்ப்பலகைகளும் அவற்றுள் இருந்தன. 2005 பிப்ரவரியில் அச்சட்டத்தின் இன்றியமையாப் பிரிவுகள் உச்சநீதிமன்றத்தால் வீழ்த்தப்பெற்றன. பயின்றுகொண்டிருந்தோர் நலங்கருதி அந்நிறுவனங்களை அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிகாட்டப்பெற்றது.

பட்டமே கையிற் பெற்றபின் இழந்தோரும் உளர். பட்டயம் பெற்றுப் பணியிற் சேர்ந்த பொறியாளர் பலர், உயர்பதவி நாடி, நிகர்நிலை நிறுவனங்கள் சில நடத்திய தொலைநிலைப் பொறியியற் படிப்பிற் சேர்ந்தனர். பகலில் பணி, விடுமுறையில் படிப்பு. அப்படிப்பிற்குரிய முன்னிசைவு பெறப்படவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. ஒரிசாவின் நீரேற்றுப் பாசனக் கழகத்துப் பதவி உயர்வுப் பூசலினின்று எழுந்த வழக்கில் 2017 நவம்பர் 3ஆம் நாள் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், நான்கு நிறுவனங்களில் 2001 முதல் 2005 வரை சேர்ந்தோர் பட்டங்களை நிறுத்திவைத்தது. அதன்பின் சேர்ந்தோர் பட்டங்களை அறவே நீக்கியது. முற்பகுதியினர் மீண்டும் தேர்வெழுதித் தேறினாலன்றிப் பட்டம் மீளாது. எழுத விரும்பாதோர்க்குக் கட்டணம் திருப்பப்பெறும். 2018 சனவரியில் இவ்வாணை சிறிது தளர்த்தப்பெற்றது. சட்டநெறியில் இத்தீர்ப்பிற் பிழைகாண்டல் அரிது. ஆயினும் பத்துப் பதினைந்து ஆண்டுகட்கு முன் எழுதிய கணக்கியலையும் இயந்திரவியலையும், தன் மகன் பொறியியல் பயிலும் வீட்டில், நடுவயதினன் ஒருவன் இரவில் மீண்டும் கற்க அமர்தலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கட்டணத்தைத் திருப்பலாம், அவ்விரவுகளைத் திருப்பித் தருவார் யார்?

அதே தீர்ப்பின் பயனாக மானியக் குழு அம்மாதமே 123 நிறுவனங்களை நோக்கிப் பெயரிலிருந்து ‘பல்கலைக்கழகம்’ என்னும் சொல்லை நீக்குமாறு பணித்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அறுபதாண்டுகளின் பின் விழித்துக்கொண்டது போலும். பலகைகள் மாறின. பெயரைக் கண்டு சேர்ந்த குடும்பங்கள் செலுத்திய கட்டணம் மாறவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? முதற்காலத்தில் நிலமும் நகையும். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த முன்மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்பின் கடனும் சேர்ந்தது. 4 இலட்சம் வரை ஈடு வேண்டா. அதற்குமேல் பிறர் பிணையோ சொத்தீடோ வேண்டும் என்பது அதன் அமைப்பு. 2009இல், ஆண்டு வருவாய் நாலரை இலட்சத்திற்குட்பட்ட குடும்பத்து மாணவர்க்குப் படிப்புக்காலத்து வட்டியை மைய அரசு ஏற்றது. இவ்வேற்பாட்டாற் பயனுற்றோர் மிகப் பலர். வங்கி ஏட்டில் தந்தையும் மகனும் இணைக்கடனாளிகளாய்க் கையொப்பமிட்டனர் என்பதும் உடன் எண்ணத்தக்கது. முன்னர்த் தந்தை பட்ட கடனை மகன் அறியாமலும் இருந்திருக்கலாம். இங்கு அவன் பதினெட்டு வயதில் கடனாளியாகவே கல்லூரிக்குள் நுழைகின்றான். குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையின் படிப்பும், பெண்ணின் திருமணமும் அக்கடனின் தவணையைக் கேட்டே முடிவுசெய்யப்பெற்றன.

பிணை பற்றிப் பேசுங்கால் சான்றிதழையும் விடலாகாது. சேரும்போது மூலச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு, இடையில் விலகுவோன் எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தையும் செலுத்தினாலன்றித் திருப்பாத வழக்கம் பல நிறுவனங்களிற் பரவியிருந்தது. மேனிலைப்பள்ளி மதிப்பெண் சான்றிதழ் ஈட்டுப் பத்திரமாயிற்று. என்னிடம் முதுகலை பயில வந்த மாணவி ஒருத்தி, வேறொரு நிறுவனத்திற் பொறியியல் ஓராண்டு பயின்று விலகியவள். தமிழ் பயில வேண்டுமென்னும் வேட்கையால் விலகியவள். அவள் சான்றிதழ் மீளுதற்குள் இரண்டு கல்வியாண்டுகள் கழிந்துபோயின. தந்தை எட்டு முறை அந்நிறுவனத்திற்கு நடந்ததாகக் கூறினாள். மானியக் குழு 2007 ஏப்பிரலில் வெளியிட்ட பொது அறிவிப்பு, வகுப்புத் தொடங்குமுன் விலகுவோர்க்கு 1,000 ரூபாய்க்கு மேற் பிடித்தல் கூடாதென்றும், சான்றிதழை வைத்துக்கொள்ளலாகாதென்றும் கூறியது. 2018இல் விரிவான விதியாகவே வந்தது. மேலே கூறிய கல்வெட்டு முறையை ஈண்டும் பொருத்திக் கொள்க: ஒரே தடை இருமுறை அறிவிக்கப்பெறின், முதல் தடை காக்கப்படவில்லை என்பது துணிபு.

சிதம்பரத்திற்கு மீள்வோம். 1985இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தது. நாளடைவில் பணியாளர் மிகையும் நிதி நெருக்கடியும் பல்கலைக்கழகத்தை வாட்டின. 2013 ஏப்பிரலில் மாநில அரசு ஆட்சியரொருவரை அமர்த்தியது; அவ்வாண்டே புதுச்சட்டம் இயற்றி நிறுவனர் வழியினர்க்கிருந்த உரிமைகளை நீக்கிப் பல்கலைக்கழகத்தை முற்றிலும் தனதாக்கிக்கொண்டது. ஆட்சி மாறிற்று, மருத்துவக் கல்லூரிக் கட்டணம் மாறவில்லை. அரசுக் கல்லூரி மாணவர் ஆண்டுக்குச் செலுத்திய 13,610 ரூபாய்க்கு எதிரே, இங்கு 5 இலட்சத்திற்கு மேற்பட்ட தொகை கேட்கப்பெற்றது. அரசே நடத்தும் கல்லூரியில் தனியார் கட்டணம் எங்ஙனம் பொருந்தும் என்பது மாணவர் வினா. 2020 டிசம்பரில் தொடங்கிய அவர் போராட்டம் ஐம்பது நாட்களைக் கடந்தது, விடுதிகள் மூடப்பெற்றன, பெற்றோரும் வந்து உடனமர்ந்தனர். 2021 சனவரி இறுதியில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பெற்றது. அடுத்துக் கட்டணமும் அரசுக் கல்லூரிகளினதற்கு ஒப்பாயிற்று. மேலே குறித்த வழக்குகளில் குடும்பம் நீதிமன்றத்தில் மனுதாரராகவோ, செய்தித்தாளில் பாதிக்கப்பெற்றவராகவோ மட்டும் தோன்றியது. இங்கு அது தானே நேர்நின்று விலையைக் குறைத்தது. ஆகலின் இந்நிகழ்ச்சி தனியே விரித்தெழுதத் தக்கது.

புதிய நிறுவனங்களின் வரவும் தொடர்கின்றது. 2018இல் தனித்தனிச் சட்டங்களாலும், 2019இல் பொதுச் சட்டத்தாலும் தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வழி வகுக்கப்பெற்றது. 2025 அக்டோபரில் அச்சட்டத்திற்குச் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம், வேண்டப்படும் நிலப்பரப்பைக் குறைத்ததோடு, இயங்கிவரும் கல்லூரிகளும் பல்கலைக்கழகமாதற்கு இடந்தரும் என்னும் அச்சத்தை ஆசிரியரிடையே எழுப்பியது. எதிர்ப்பின் விளைவாக அரசே மறு ஆய்வு செய்வதாக அம்மாதமே அறிவித்தது. நிலத்தின் அளவு பற்றி இத்துணை வாதம் நிகழ்ந்தது. அந்நிலத்தில் வந்து சேர்வோர் விற்கும் நிலத்தின் அளவு பற்றி எவரும் கணக்குக் கேட்டிலர்.

அக்கணக்கிற்குச் சான்று இல்லையென்று கைவிட வேண்டுவதில்லை. தமிழகத்துக் கிரயப் பத்திரங்களில் விற்பதற்குரிய காரணத்தை எழுதும் வழக்கம் நெடுநாளாக உண்டு. குடும்பச் செலவு, முன்கடன், மகள் திருமணம் என்பவற்றோடு மகன் படிப்புச் செலவு என்பதும் அவற்றில் எழுதப்பெறும். கல்லூரி தராத பற்றுச்சீட்டினைச் சார்பதிவாளர் அலுவலகம் தன்னையறியாமலே காத்து வைத்திருக்கின்றது. ஒரு வட்டத்தின் 1984 முதல் 2005 வரையுள்ள பத்திரங்களை மட்டும் ஒரு முதுகலை மாணவர் எடுத்து, படிப்புக்காக விற்ற காணிகளை ஊர்வாரியாகத் தொகுப்பாராயின், முதற்பட்டியல் நமக்குக் கிடைக்கும்.